வாசலில் கிடந்த பத்து பென்டிரைவ்கள்

"கீழே கிடக்கிறதை எடுத்துக் கம்ப்யூட்டர்ல செருகுவீங்களா? நாம காவல் காக்கிறது ஏவுகணையை, பழைய பேப்பர் கடையை இல்ல!"

ஏவுகணை நிலையத்தின் கணினிப் பாதுகாப்பு இன்ஜினீயர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஊழியர்களைச் சோதிக்க அவரே வாசலில் பத்து பென்டிரைவ்களைப் போட்டுவைத்திருந்தார். டைப்பிஸ்ட் ஒன்றைச் செருகி மாட்டிக்கொண்டாள்.

மிச்சத்தைக் காவலாளி பொறுக்கி வந்து மேஜையில் கொட்டினார். டைப்பிஸ்ட்டிடம் பிடுங்கியதையும் சேர்த்து, ஒவ்வொன்றாகத் தன் கணினியில் செருகி அழித்துக்கொண்டே திட்டினார் இன்ஜினீயர்.

"சார்..."

"பேசாதீங்க! மூளைன்னு ஒண்ணு இருந்தா, யாரோ போட்டதைத் தொடுவீங்களா?"

அவர் மூச்சு வாங்கும்வரை அடக்கமாகக் காத்திருந்தாள்.

"பத்துதானே சார் போட்டீங்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல சார், எண்ணிக்கிட்டே இருந்தேன். இப்ப நீங்க செருகியிருக்கிறது பதினொண்ணாவது."