கடைசி வரி

குழிக்குள் வெடிகுண்டின் மேல் குனிந்திருந்த தேவசகாயம் எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். தூரத்தில், மணல்மூட்டைகளுக்குப் பின்னால், இருளப்பன் தொலைபேசியில் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, "எழுதியாச்சுண்ணே" என்ற பிறகே அவர் கை அசையும். குண்டு வெடித்துவிட்டால், அடுத்த குண்டுக்கு இறங்குகிறவன் அந்தக் கடைசி வரியில் இருப்பதை மட்டும் செய்யக்கூடாது. படைப்பிரிவின் வழக்கம் அது. நோட்டில் ஏற்கெனவே இரண்டு கடைசி வரிகள் இருந்தன. இரண்டுக்கும் 'எழுதியாச்சு' சொன்னவன் இருளப்பன்தான்.

"இடப்பக்கத் திருகாணியைக் கழட்டப் போறேன்."

எழுதினான். நோட்டைப் பின்னால் புரட்டி அந்த இரண்டு கடைசி வரிகளையும் பார்த்தான்.

"எழுதிட்டியாடா?"

சொல்லாதவரை அவர் திருகமாட்டார். அப்போதுதான் அவர் மூச்சுக்குப் பின்னால், கடிகாரம் ஓடுவதுபோல் ஒரு சத்தம் புதிதாகக் கேட்கத் தொடங்கியது.

"இருளா, சொல்லித் தொலைடா!"