பழைய கண்ணே போதும்

"இவரோட பழைய கண்ணையே திருப்பிக் குடுத்துடுங்க டாக்டர்!"

கையிலிருந்த பெட்டியைத் தொப்பென்று தரையில் வைத்தாள் மனைவி. பக்கத்து நாற்காலியில் கணவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெயிலிலும் தூசியிலும் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டுகிறவர் அவர். வலது கண்ணில் வளர்ந்து கருவிழியை எட்டிப் பார்த்த சதையைப் போன வாரம்தான் டாக்டர் எடுத்திருந்தார். அதே கண்ணின் மேல் இமைக்கு உள்ளேயிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, அந்த இடத்தில் பசை வைத்து ஒட்டியும் இருந்தார்.

டாக்டர் பதறிப்போய் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "அழகா ஒட்டியிருக்கேம்மா! வலிக்குதாமா? மங்கலா தெரியுதாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ணு கலங்க மாட்டேங்குது."

"என்னது?"

"சண்டை வந்தா நான் பெட்டியத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்புவேன். வாசல் தாண்டுறதுக்குள்ள இவருக்குப் பொலபொலன்னு கொட்டும். மனசு கேக்காது. ரெண்டு கன்னத்தையும் துடைச்சு விட்டுட்டு, பெட்டிய உள்ள வச்சிடுவேன். நேத்தும் கிளம்பினேன். மனுஷன் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கிறாரு!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சதை உறுத்தினா தண்ணி வரத்தாம்மா செய்யும். இப்ப சதையும் இல்ல, தண்ணியும் இல்ல."

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப, இத்தன வருஷமா எனக்காக அழுதது அந்தச் சதைதானா? அது தெரியாம நானும் ஒவ்வொரு தடவையும் உருகிப்போய்..." பெட்டியைத் தூக்கினாள். "நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன். இவரு நல்ல கண்ணோட நல்லா இருக்கட்டும்."

"இருங்கம்மா. ரெண்டு கன்னம்னா சொன்னீங்க?"

"ஆமா."

"சதை வலது கண்ணுல மட்டும்தானே இருந்துச்சு. இடது கண்ணு எதுக்கு அழுதுச்சு?"

கதவுவரை போனவள் அப்படியே நின்றாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லையே!

டாக்டர் கணவர் பக்கம் திரும்பினார். "என்ன சார், நேத்து மட்டும் உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"அழுதா, நீங்க ஒட்டினது ஊறி வந்துடாதா டாக்டர்?"