கறுப்புக் கையுறை

என் கணவருக்கு எந்தத் துப்பறியும் படத்தையும் முடிவைப் போட்டு உடைக்காமல் பார்க்கத் தெரியாது. பதினோரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று மதியம் பழைய இத்தாலியக் கொலைப் படம் ஒன்றைப் போட்டேன். கறுப்புத் தோல் கையுறை அணிந்த கை கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர்தான் கொலைகாரன். நான் ஏற்கெனவே பாத்துட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு படத்தையாவது நிம்மதியா பாக்க விடுறீங்களா? வாயைப் பொத்திக்கிட்டு உக்காருங்க!”

திரையில் டாக்டர் வெளிச்சத்துக்கு வந்து எங்களை நேராகப் பார்த்தார். கீழே எழுத்து வந்தது: ‘அவள் சொன்னது காதில் விழவில்லையா?’

“போன தடவை இப்படி வரலையே” என்றார் கணவர். “இதுக்கப்புறம் அந்த டாக்டர்...”

பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கையுறை ஒன்று அவர் வாயைப் பொத்தியிருந்தது. அவருடைய கைகள் இரண்டும் மடியில்தான் இருந்தன.