சிவப்பு வயர் சொன்ன பதில்

"இந்த மீட்டரைக் காயலான் கடையில போட வேண்டியதுதான்" என்று மெக்கானிக் எபனேசர் போனில் யாரிடமோ சொன்னது டூல்பாக்ஸுக்குள் கேட்டது. மீட்டருக்குத் திரையே மங்கிப்போனது.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி மூன்று நாளாகக் கிளம்பவில்லை. அதன் சிவப்பு வயரில் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. அதே வயரில் மாட்டிய டெஸ்ட் லாம்ப் எரியவில்லை. எபனேசர் விளக்கைத்தான் நம்பினார்.

"நான் பொய் சொல்லல தம்பி. வயரை நல்லாயிருக்கியான்னு கேட்டேன், நல்லாயிருக்கேன்னுச்சு" என்றது மீட்டர் விளக்கிடம்.

"வாசல்ல நின்னு கேட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க அக்கா" என்று சிரித்தது விளக்கு. "நான் சுமை தூக்கச் சொல்வேன். அப்பத் தெரியும்."

மறுநாள் எபனேசர் விளக்கை வயரில் மாட்டி, அதை எடுக்காமலே மீட்டரின் ஊசிகளையும் வைத்தார். மீட்டர் யோசித்தது. மறுபடி பன்னிரண்டு என்றால் காயலான் கடைதான். பேசாமல் பூஜ்யம் என்று சொல்லிவிடலாமா?

"உனக்கு என்னதான் பண்ணுது?" என்று வயரிடம் கேட்டது.

"விளக்கு சுமை தூக்கச் சொல்லுது, முடியல அக்கா. உள்ளே இத்துப்போயிட்டேன்."

மீட்டர் இரண்டு என்று காட்டியது.

எபனேசர் வயரை விரலால் தடவிக்கொண்டே போய், உறை வீங்கியிருந்த இடத்தில் வெட்டினார். செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. மீட்டரைத் துடைத்து, டூல்பாக்ஸில் வைக்காமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.