இரண்டாவது செட்டிங்ஸ் ஃபைல்

"மணி என்ன ஓக்ரான்? எட்டு பன்னெண்டு. மகாராணி வர்ற வரைக்கும் மிஷின் காத்துக்கிட்டு நிக்கணுமா?"

மா என்கிற சூப்பர்வைசர் ஃபாக்டரி கேட்டில் நின்று கத்தியது பார்க்கிங் வரை கேட்டது. ஓக்ரான் குனிந்த தலை நிமிராமல் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினாள். அங்கே நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாற்பது வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது?

"தினமும் இதே கூத்துதானாம்," என்றார் பக்கத்தில் நின்ற மேனேஜர், தோ என்று பெயர். சியோல் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். "ஆனா உங்க சாஃப்ட்வேர் என்ன சொல்லுது தெரியுமா? இந்த வருஷம் முழுக்க அவ ஒரு நாள்கூட லேட் இல்லையாம். போன தடவை வந்தப்போ இவர் கத்துனது என் காதுல விழுந்துச்சு. இல்லேன்னா எனக்கு எங்க தெரியப் போகுது?"

தென் கொரியாவில், சாங்வொன் என்ற ஊரில் காருக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி அது. வருகைப் பதிவு சாஃப்ட்வேர் நான் எழுதிக் கொடுத்தது. எட்டு மணிக்கு ஷிப்ட். மாதத்தில் மூன்று நாள் லேட் என்றால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அடுத்த கான்ட்ராக்ட் கிடையாது. ஓக்ரானின் கான்ட்ராக்ட் அன்றோடு முடிகிறது. புதுசு தோவின் பையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"யாரையோ பிடிச்சு உள்ள எதையோ மாத்தி வெச்சிருக்கா. கண்டுபிடிங்க."

என் சாஃப்ட்வேரில் எவனோ கை வைத்திருக்கிறான் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கேட் ரூம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். மா காகிதக் கப்பில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"கிடைச்சுதா தம்பி?"

இரண்டு தடவை கேட்டுவிட்டார். காட்டிக் கொடுப்பதில் மனுஷனுக்கு எவ்வளவு அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொது ஃபோல்டரில் இருந்த செட்டிங்ஸ் ஃபைலில் 'லேட் சலுகை: 0 நிமிடம்' என்று சரியாகத்தான் இருந்தது. சந்தேகத்தில் அதே பெயரைப் போட்டு மொத்தக் கம்ப்யூட்டரையும் தேடினேன். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இன்னொன்று கிடைத்தது. சாஃப்ட்வேர் முதலில் அங்கேதான் பார்க்கும். அங்கே ஃபைல் இருந்தால் அது சொல்வதுதான் சட்டம். பொது ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

திறந்தேன். 'லேட் சலுகை: 15 நிமிடம்.'

மற்ற வரிகளை நான் படிக்கவில்லை. அழித்துவிட்டு சாஃப்ட்வேரை மறுபடி ஓட விட்டேன். கணக்கு மாறியது, மாறிய கையோடு சியோலுக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படி அனுப்பும்படி எழுதி வைத்ததும் நான்தான்.

ஓக்ரான். இந்த மாதம் லேட்: 11 நாள்.

"சபாஷ்," என்றார் தோ. "யாரு வெச்சது?"

"இங்க எல்லாருக்கும் ஒரே லாகின் சார். ஃபைல்ல பேர் இருக்காது."

"யாரு வெச்சா என்ன, லாபம் யாருக்குன்னு தெரிஞ்சுபோச்சே." பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அரை மணி நேரத்தில் ஓக்ரான் வெளியே வந்தாள். வேலைச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். லாக்கர் சாவியை மாவின் மேஜையில் வைத்துவிட்டு, இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார். நீங்க தினமும் எச்சரிச்சீங்க. நான்தான் திருந்தல."

"சரி சரி, போ," என்றார் மா. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல் நெஞ்சம் என்று நினைத்தபடி என் பையை மூடினேன். அவள் வெளியே போன நேரத்தைப் பதிய மா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கண்ணைச் சுருக்கினார். பிறகு சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார்.

அப்போதுதான் பார்த்தேன். திரையில் எழுத்தெல்லாம் பொடிசாகியிருந்தது. காலையில் பெரிசாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலிக்குப் பின்னால் நின்று, "கண்ணு சரியில்ல தம்பி, எழுத்து பெரிசா வேணும்" என்று கேட்டவர் இவர்தான். டாக்குமென்ட்ஸில் ஒரு செட்டிங்ஸ் ஃபைலை வைத்து, "இதுல எந்த வரிய மாத்தினாலும் இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் மாறும், சியோலுக்குத் தெரியாது" என்று சொல்லிக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பையன் போல நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் அது மறந்துபோயிருந்தது.

"சார்... நீங்களா?"

அவர் திரும்பவில்லை.

"அவ பொண்ணுக்கு வலிப்பு. ஸ்பெஷல் ஸ்கூல் வேன் ஏழே முக்காலுக்குத்தான் வீட்டுக்கு வரும். கையில ஒப்படைச்சுட்டு, பஸ்ஸைப் பிடிச்சு, எப்படி ஓடி வந்தாலும் எட்டு பத்து ஆயிடும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு சார் தினமும் அப்படிக் கத்துனீங்க?"

மா கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலு பேர் முன்னாடி நான் கத்திட்டா, அதுவே போதும்னு மத்தவங்க விட்டுடுவாங்க, யாரும் மேல போய்ச் சொல்ல மாட்டாங்கன்னு நினைச்சேன் தம்பி."