துண்டுக்கு அடியில்

மாட்டுத் தரகர் மருதப்பன், மகள் திலகா கேம் ஆடும் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு பிடிக்க வந்திருந்தார். அவள் கண்வைத்திருந்தது நடுத்தரமான ஒன்று: இரண்டு விசிறி, விலை முப்பத்திரண்டாயிரம். அவளிடம் இருந்ததோ இருபத்தெட்டாயிரம். "ஆசைய மூஞ்சில காட்டிராத, விலை ஏறிரும்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தார். அவளும் வேண்டாவெறுப்பாக நின்றாள். அவர் விசிறியை விரலால் சுற்றிவிட்டு, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, சந்தையில் விரல்பிடித்து விலை பேசுவதுபோல், தோள்துண்டை உதறி, கடைக்காரரின் கையைப் பிடித்துத் துண்டால் மூடினார்.

"அண்ணாச்சி, இங்க ஒரே விலைதான்" என்றார் கடைக்காரர். ஆனால் துண்டு அசைந்தது. கடைக்காரரின் சித்தப்பாவும் மாட்டுச் சந்தைக்காரராம். இருவரும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் கால்மணி நேரம் நின்றார்கள்.

"முடிஞ்சிட்டு" என்றார் அப்பா, துண்டை எடுக்காமலே.

"எவ்வளவுப்பா?"

"துண்டுக்குள்ள பேசுன விலைய வாய்விட்டுச் சொல்லலாமா? தரகனுக்கு அழகாட்டீ அது?"

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். "அண்ணாச்சி சொல்றது சரிதாம்மா. நீங்க பணத்தைப் போடுங்க."

போனில் தொகைக் கட்டம் காலியாகக் காத்திருந்தது. அப்பா துண்டின் ஓரத்தைத் தூக்கினார். "தெரிஞ்சே ஆகணும்னா கைய உள்ள விடு. விரலுக்குப் பத்தாயிரம்."

விட்டாள். உள்ளே யாருடைய கையோ அவளுடைய மூன்று விரல்களைப் பற்றியது: முப்பதாயிரம். கொஞ்சம் யோசித்து, ஒன்றை விட்டது.