ஏழு காலிக் கட்டங்கள்

"என் பையன் சம்பளத்தை எங்கடி கொண்டுபோய் வெச்சே?"

மாமியார் போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த மருமகள் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்ன அத்தை ஆச்சு?"

"இதைப் பாரு. பார்த்துட்டு நீயே சொல்லு."

மாமியார் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவர். அன்றாட வரவு செலவைக் கணக்கு சாப்ட்வேரில் ஏற்றுவது மருமகள். ஆனால் வருஷக் கடைசியில் வரி ரிப்போர்ட் எடுக்கிற வேலையை மட்டும் மாமியார் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இந்த வருஷம் நானே எடுத்துடறேன் அத்தை" என்று நாலு நாளாக மருமகள் சொல்லிக்கொண்டிருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் அசந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

'சம்பளம்' என்ற வரியில் முதல் ஐந்து மாதம் தொகை இருந்தது. அப்புறம் ஏழு கட்டம் காலி.

அதற்குக் கீழே 'டைப்பிங் வருமானம்'. அது மருமகளுடையது. ஐந்து மாதம் வரை சில்லறைத் தொகை. ஆறாம் மாதத்திலிருந்து மூன்று மடங்கு!

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை அது. "காதுல எதையோ மாட்டிக்கிட்டுப் பொழுதைப் போக்கறா. குடும்பம் ஓடறது என் பையன் சம்பளத்துலதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் சொல்வார்.

"எப்படிடி மூணு மடங்காச்சு? அவன் சம்பளத்தைத் தூக்கி உன் பேர்ல எழுதிக்கிட்டியா?"

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது.

"ஆமா அத்தை... தப்பா ஏத்திட்டேன் போல. விடுங்க, நான் சரி பண்ணிடறேன்."

"தப்பா ஏத்தறது ஒரு மாசமா, ரெண்டு மாசமா? ஏழு மாசம்! என்கிட்டயே பொய்க் கணக்கா? இரு, அவன்கிட்டயே கேட்கறேன்."

"வேண்டாம் அத்தை!" மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பதற்றமே போதுமானதாக இருந்தது மாமியாருக்கு. கையை உதறிவிட்டு மகனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆபீஸ் நம்பருக்கே போட்டார்.

வரவேற்பில் இருந்த பெண், மகனின் பெயரைச் சொன்னதும் தயங்கினாள்.

"அவர் வேலையை விட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சேம்மா. அந்தப் பிரிவையே மூடிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மாமியாருக்குக் காது அடைத்துப்போயிற்று. நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. மருமகள்தான் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தாள்.

"தினம் காலையில பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பறானே... எங்கே போறான்?"

"இன்டர்வியூ இருந்தா அங்கே. இல்லாட்டி லைப்ரரி."

"ஒண்ணாம் தேதியானா, சம்பளம் வந்துடுச்சும்மான்னு என் கையில கவரைக் கொடுக்கறானே?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமியார் செலவுப் பக்கத்தைத் திறந்தார். ஏழு மாதமும் ஒண்ணாம் தேதி, மருமகள் கணக்கிலிருந்து, ஒரே தொகை. எதிரே 'அத்தைக்கு' என்று இருந்தது.

"அந்தக் கவரை உன் மூஞ்சிக்கு நேரா ஆட்டி, இதுக்குப் பேர்தான் சம்பாத்தியம்னு சொன்னேனேடி! அப்பவாவது நீ வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"அவர் அன்னிக்கே சொல்லிடறேன்னுதான் துடிச்சார். நான்தான் தடுத்துட்டேன். 'அம்மா என்னை நம்பற வரைக்கும் நான் தோத்துப்போகலை'ன்னு ஒரு தடவை சொன்னார் அத்தை. அந்த ஒண்ணுதான் அவரைத் தினமும் எழுந்து கிளம்ப வைக்குது. வேலை கிடைக்கற வரைக்கும் அது இருந்துட்டுப் போகட்டுமேன்னு..."

"அதுக்காகத் திருடிங்கற பட்டத்தையும் வாங்கிக்கப் பார்த்தியா?"

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மகன்!

மாமியார் அவசரமாக ரிப்போர்ட்டை மூடினார். உள்ளங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்தார். மருமகளின் கையை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்:

"என் பையன் உழைச்சுக் களைச்சு வர்றான். இன்னும் என்னடி மரம் மாதிரி நிக்கறே? போய் அவனுக்குக் காபியைப் போடு!"

பிடித்த கையை மட்டும் விடவே இல்லை.